எட்டி நின்ற வைத்தியம்

சில வருசங்களுக்கு முன்னால் மூலக்குளத்தில் எங்கள் தெருவுக்குக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து படிவத்தை விரித்து என் அண்ணியிடம் கேட்டார்: "போன ரெண்டு வாரத்துல புள்ளைக்குக் காச்சல் வந்துச்சாம்மா? வந்தப்ப மொதல்ல எங்க காட்டுனீங்க?" 1992-93இல் தொடங்கிய தேசியக் குடும்பநல ஆய்வு முதல் இன்றுவரை இந்தியா முழுக்கத் தாய்மாரிடம் கேட்கப்படும் கேள்விதான் இது. சர்க்கார் ஆஸ்பத்திரியா, தனியார் டாக்டரா, மருந்துக்கடையா, எங்கேயும் போகவில்லையா என்று கட்டங்கள் இருக்கும். ஒன்றில் டிக் போட வேண்டும். அண்ணி வாயைத் திறப்பதற்குள், முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா கேட்டாள்: "எந்தக் காச்சலுக்கும்மா?"

வந்த பெண் சிரித்துவிட்டார். பாவம், அவர் என்ன செய்வார், அந்தக் கேள்விக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

அம்மா விளையாட்டாகக் கேட்கவில்லை. அவள் கணக்கில் பல்லு மொளைக்கிற காச்சல் வேறு, பயந்த காச்சல் வேறு. குளுரு காச்சல், மொறைக் காச்சல், நெறி கட்டுன காச்சல், அம்மை போடப்போற காச்சல், மேலுக்குத் தெரியாம உள்ளுக்குள்ளயே காயுற உள்காச்சல் என்று அவள் வரிசை போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கை, ஒரு கதவு. சித்த வைத்திய நூல்கள் சுரத்தை 64 என்று வகை பிரிக்கின்றன. அதைச் சாஸ்திரம் என்கிறார்கள். எங்க அம்மா வரிசையை அறியாமை என்கிறார்கள். மருத்துவ அறிக்கைகளில் திரும்பத் திரும்ப ஒரு வாக்கியம் வரும்: தாய்மார்களின் அறியாமையால் சிகிச்சை தாமதமாகிறது. இந்த வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. தாமதம் நடந்தது உண்மை. ஆனால் புள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவள் தாமதித்தாளா, அந்தப் பக்கம் நின்றவர்கள் கை நீட்டத் தாமதித்தார்களா? சேரித் தாய்மார் வைத்தியம் தேடிப் போன வரலாற்றை இந்தக் கேள்வியோடு எழுத வேண்டியிருக்கிறது.

மூலக்குளத்தை இன்றைக்குப் பார்க்கிறவர்களுக்கு இது ஊரா நகரமா என்றே தெரியாது. விழுப்புரம் ரோட்டில் வரிசையாகக் கட்டடங்கள், கிளினிக் போர்டுகள், லேப் போர்டுகள். ஆயா காலத்தில் ரோட்டை விட்டு இறங்கினால் வயல். மேற்கே வில்லியனூர், அங்கே திருக்காமீசுவரர் கோயில் தேர், லூர்து மாதா கோயில் குளம். வடக்கே கோரிமேடு. கிழக்கே போனால் புதுச்சேரி டவுன். 1823இலேயே பிரெஞ்சுக்காரன் மருத்துவப் பள்ளி வைத்த ஊர் இது என்று பெருமை பேசுவார்கள். அந்தப் பள்ளியின் வழியில் 1956இல் மருத்துவக் கல்லூரி வந்து, 1964இல் அது ஜிப்மர் ஆனது. இத்தனை பழைய வைத்தியப் பெருமை உள்ள ஊரின் ஓரத்தில்தான் எங்க சேரி இருந்தது. ஆயாவிடம் "ஒன் சின்ன வயசுல காச்சல்னா யாரு வந்து பாப்பாங்க?" என்று கேட்டேன். "யாரு வருவா? நாமதான் பாத்துக்கணும்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்ம குத்துறவன் வருவான்" என்றாள்.

அவள் இடது கையில் வட்டமாக ஒரு தழும்பு உண்டு. சர்க்கார் கை சேரி உடம்பைத் தேடி வந்து தொட்டதற்கு அதுதான் சாட்சி. ஏன் தொட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்தால் என்ற மூன்று வயசுப் பெண் குழந்தைக்குத்தான் இந்தியாவில் முதல் அம்மைப்பால் குத்தினார்கள். அப்போது மருந்துப் புட்டி கிடையாது. ஒரு பிள்ளைக்குக் குத்தி, எட்டாம் நாள் வாக்கில் அந்தக் கொப்புளத்தைக் கீறி, அதில் வரும் நீரை அடுத்த பிள்ளையின் கையில் ஏற்ற வேண்டும். கைக்குக் கை. அப்படிக் கொப்புளம் சுமந்து நின்ற பிள்ளைகளில் ஏழை வீட்டுப் பிள்ளைகளும் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளும்தான் அதிகம். தாழ்ந்த சாதிப் பிள்ளை உடம்பில் ஊறியது எங்கள் பிள்ளை உடம்பில் ஏறுவதா என்று மேல்சாதிக்காரர்கள் முகம் சுளித்த செய்திகள் காலனி ஆவணங்களில் கிடக்கின்றன. கன்றுக்குட்டியிடமிருந்து அம்மைப்பால் எடுக்கும் முறை பரவிய பிறகுதான் இந்தப் பேச்சு அடங்கியது. மாட்டின் உடம்பிலிருந்து வந்தால் தீட்டில்லை!

சேரித் தாய்மார் அம்மை குத்துகிறவனைப் பார்த்தால் புள்ளையைக் குதிருக்குப் பின்னால் ஒளித்துவைத்ததாகச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. ஒளிக்காமல் என்ன செய்வாள்? காய்ச்சலில் புள்ளை கிடக்கும்போது வராதவன், நல்லா இருக்கிற புள்ளையைக் கீற வருகிறான். எங்கள் தலைமுறையில் யானைக்கால் நோய்க்கு ரத்தம் எடுக்க வந்ததும் இப்படித்தான். புதுச்சேரியில் 1975இல் கொசு ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். அந்த நோயின் கிருமி ராத்திரியில்தான் ரத்தத்தில் மேலே வரும் என்பதால் நடுராத்திரியில் கதவைத் தட்டி விரல் நுனியில் குத்துவார்கள். தூங்குகிற புள்ளை அலறும். அது அவசியமான வேலைதான், அந்த மையத்தின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ரத்தம் எடுக்கச் சேரிக்கு வர வழி தெரிந்திருக்கிறதே, அதே ராத்திரியில் புள்ளைக்கு வலிப்பு வந்தால் எந்த வண்டி வந்தது என்று அம்மா கேட்டால் நான் என்ன சொல்ல? நோய் சேரியைத் தாண்டி வெளியே போகும் என்ற பயம் வந்தால் கை நீளும். சேரிக்குள்ளேயே முடிந்துபோகும் காய்ச்சலுக்கு நீளாது.

அதனால் நாமே பார்த்துக்கொண்டோம். நொச்சி போட்டு வேது, ஆடாதோடைக் கசாயம், நிலவேம்பு, தும்பைச் சாறு. உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போடுவது. பள்ளிவாசலில் சாயங்காலத் தொழுகை முடிந்து வருகிறவர்களிடம் புள்ளையை நீட்டி ஓதி ஊதச் சொல்வது. மாதா குளத்துத் தண்ணியை நெற்றியில் தடவுவது. மூன்று மதத்து வாசலிலும் ஒரே ராத்திரியில் நின்றுவிட்டு வருவாள் சேரித் தாய். இதைச் சமய நல்லிணக்கம் என்று சிலர் மேடையில் பேசுகிறார்கள். அவளுக்கு அதெல்லாம் தெரியாது. காசு கேட்காத, உன் தெரு எது என்று கேட்காத வாசல்களாகப் பார்த்துப் போனாள், அவ்வளவுதான்.

அம்மைக் காய்ச்சலுக்கு மட்டும் எங்கேயும் போகக்கூடாது. மூணு தண்ணி ஊற்றும்வரை மருந்து கூடாது, மாரியாத்தா கோவிச்சுக்குவா. அயோத்திதாசப் பண்டிதர் தொழிலால் சித்த வைத்தியர் என்பதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தத் தொடங்கிய அதே கைதான் நாடி பிடித்த கை. நாம் அம்மன் என்று கும்பிடுகிறவள் ஒரு பௌத்தப் பிக்குணி, வேப்பிலையின் குணத்தைச் சனங்களுக்குச் சொல்லித் தந்தவள் என்று அவர் எழுதினார். அது வரலாறா புராணமா என்று பண்டிதர்கள் சண்டை போடட்டும். எனக்கு அதில் பிடித்தது வேறு. கோபிக்கிற தெய்வத்தை வைத்தியம் சொல்கிற பெண்ணாக அவர் மாற்றினார். மாரியாத்தாவுக்குப் பயந்து நாம் புள்ளையை வீட்டுக்குள் வைத்திருந்ததில் நம் தப்பும் இருக்கிறது. பெரியம்மை 1975க்குப் பிறகு இந்தியாவில் இல்லை. ஆனால் அந்த 'மூணு தண்ணி' கட்டுப்பாடு மணல்வாரிக்கும் ஒட்டிக்கொண்டது. மணல்வாரி இறங்கும்போது நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கும். அதில்தான் புள்ளைகள் போகும்.

இந்த இடத்தில் புதுச்சேரியை விட்டுக் கொஞ்சம் தூரம் போக வேண்டியிருக்கிறது. எங்கள் தெருவில் நடந்ததை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கப்பட்ட ஒன்று குஜராத்தின் கத்தியவாரில் இருக்கிறது. அங்கே ஒரு தீண்டப்படாத சாதி ஆசிரியர் எழுதிய கடிதத்தைக் காந்தி தன் 'யங் இந்தியா' பத்திரிகையின் 1929 டிசம்பர் 12 இதழில் வெளியிட்டார். பாபாசாகேப் அம்பேத்கர் அதை எடுத்து, ஆங்கிலத்தில் எழுதிய தன் தன்வரலாற்றுக் குறிப்புகளில் சேர்த்துவைத்தார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற பெயரில் 1990இல் அது சிறுநூலாக வந்தது.

நடந்தது இதுதான். ஆசிரியரின் மனைவிக்கு மாதத்தின் 5ஆம் தேதி பிள்ளை பிறக்கிறது. 7ஆம் தேதி அவளுக்கு உடம்புக்கு முடியவில்லை. வயிற்றுப்போக்கு, நெஞ்சு வீக்கம், மூச்சு இழுப்பு, விலாவில் வலி. ஆசிரியர் டாக்டரிடம் ஓடுகிறார். தீண்டப்படாதவன் வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறார் டாக்டர். ஆசிரியர் ஊர்ப் பெரிய மனுசர்களின் காலைப் பிடிக்கிறார். டாக்டருக்குச் சேர வேண்டிய இரண்டு ரூபாய்க்கு நகரசேட் பொறுப்பேற்கிறார். டாக்டர் வருகிறார், ஆனால் சேரிக்குள் வரமாட்டார். பிள்ளை பெற்று இரண்டு நாள் ஆன பெண்ணை, கையில் பச்சைக் குழந்தையோடு, சேரிக்கு வெளியே கொண்டுவர வேண்டும். கொண்டுவருகிறார்கள். டாக்டர் தன் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிம் கையில் கொடுக்கிறார். முஸ்லிம் ஆசிரியரிடம் கொடுக்கிறார். ஆசிரியர் மனைவிக்கு வைக்கிறார். அதே வழியில் அது திரும்பிப் போகிறது. ராத்திரி எட்டு மணி. விளக்கு வெளிச்சத்தில் டாக்டர் பாதரசத்தைப் பார்த்து நிமோனியா என்கிறார். மருந்து அனுப்புகிறார். மறுபடி வந்து பார்க்க மறுக்கிறார். இரண்டு ரூபாய் கொடுத்த பிறகும்தான். ஆசிரியர் கடைத்தெருவில் ஆளிவிதை வாங்கிவந்து வைத்தியம் செய்து பார்க்கிறார். அவள் செத்துப்போகிறாள். பிள்ளை என்ன ஆயிற்று என்று கடிதத்தில் இல்லை.

காய்ச்சலை அளக்கும் கையடக்கத் தெர்மாமீட்டரை இங்கிலாந்து டாக்டர் தாமஸ் ஆல்பட் 1866 வாக்கில் உருவாக்கினார். அதுவரை இருந்தது நீளமானது, சூடு காட்டவே இருபது நிமிசம் பிடிக்கும். ஆல்பட் அதை ஆறு அங்குலமாக்கி ஐந்து நிமிசத்தில் முடித்தார். நோயாளியின் பக்கத்தில் போவதைச் சுலபமாக்க வந்த கருவி. இந்தியாவில் அதையே பக்கத்தில் போகாமலிருக்கப் பயன்படுத்திக்கொண்டார்கள். அந்த டாக்டர் படித்தவர். நிமோனியா என்று சரியாகவே சொன்னார். அவருடைய படிப்பில் ஒரு குறையும் இல்லை. நிமோனியா என்று தெரிந்த பிறகும் நெஞ்சில் காதை வைக்காமல் போனார். தொழில் தர்மத்தைவிடத் தீட்டு அவருக்குப் பெரிதாக இருந்தது என்பதைத்தான் பாபாசாகேப் சுட்டிக்காட்டினார்.

நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது குறளில் 'மருந்து' அதிகாரம் நடத்தினார்கள். நோயாளி, வைத்தியன், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிக்கிறவன் என்று நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்கிறார் வள்ளுவர். நல்ல வகுப்புத்தான். 'உழைச்செல்வான்' என்று ஆண்பாலில் வருகிறதே, ராத்திரி முழுக்க ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எங்க வூட்ல அம்மாதானே என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. நான்கில் ஒன்றான வைத்தியன் நோயாளி தெருவுக்கே வரமாட்டேன் என்றால் மிச்சம் மூன்றும் என்ன செய்யும் என்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கேட்க எனக்கு ஒரு காரணம் இருந்தது.

எனக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான். நான் பிறப்பதற்கு மூன்று வருசம் முன்னால், பதினோரு மாசத்தில் போய்விட்டான். பங்குனி மாசம். மணல்வாரி போட்டு இறங்கியிருக்கிறது. தட்டம்மைத் தடுப்பூசி 1985இல்தான் நாடு தழுவிய தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. அப்படி ஒன்று இருப்பதாக அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டாம் தண்ணி ஊற்றிய ராத்திரி புள்ளைக்குப் "பக்கம் இழுத்தது". இது அம்மா சொன்ன வார்த்தை. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது. பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தின் பயிற்சிக் கையேட்டில் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு மாசம் முடிந்து ஒரு வயதுக்குள் இருக்கும் பிள்ளை நிமிசத்துக்கு 50 தடவையும் அதற்கு மேலும் மூச்சு விட்டால், ஒன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளை 40 தடவையும் அதற்கு மேலும் விட்டால் நிமோனியா என்று சந்தேகப்பட வேண்டும். நெஞ்சு உள்வாங்கினால் இன்னும் ஆபத்து. சுகாதார ஊழியர்களுக்குக் கடிகாரம் கொடுத்துச் சொல்லிக்கொடுக்கும் அதே அடையாளத்தை எங்க அம்மா கடிகாரம் இல்லாமல் பார்த்திருக்கிறாள். அதனால்தான் மூணாவது தண்ணிக்குக் காத்திருக்காமல், மாமியார் திட்டத் திட்டப் புள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

விடியக்காலை முதலில் போனது ஒரு தனியார் டாக்டரிடம். பேர் வேண்டாம். அவர் இன்று இல்லை. வெளியே பெஞ்சு இருந்தது, அம்மா நின்றாள். எந்தத் தெரு என்று கம்பவுண்டர் கேட்டார். சொன்னாள். டாக்டர் நாற்காலியை விட்டு எழவில்லை. "சட்டைய தூக்கிக் காட்டு" என்றார். மேசைக்கு இந்தப் பக்கம் நின்று அம்மா காட்டினாள். "அம்மை எறங்குற காச்சல்தான், சரியாப் பூடும்" என்றார். கம்பவுண்டர் சிரப்பு பாட்டிலை மேசையில் வைத்து நகர்த்தினார். அம்மா காசையும் மேசையில் வைத்தாள். ஸ்டெதாஸ்கோப் அவர் கழுத்திலேயே கிடந்தது. "மாலையாட்டம் போட்டுனு இருந்தாரு" என்பாள் அம்மா. ஒரு நாள் முழுக்க அந்தச் சிரப்பைக் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். படித்தவர் சொல்லிவிட்டாரே, தன் கண் பார்த்ததைவிட அவர் சொன்னதுதானே பெரிசு. மறுநாள் அப்பாவுக்குக் கூலி வந்த பிறகு நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தொட்டார்கள், ஊசி போட்டார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். ராத்திரியே போய்விட்டான்.

அந்தச் சீட்டு எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் சேலைக்கு அடியில் இருக்கிறது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஒன்பதாவது படிக்கும்போது அதை எடுத்துப் படித்தேன். புள்ளை தாமதமாகக் கொண்டுவரப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது. முந்தின நாள் விடியக்காலை அவள் நின்ற இடத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா ஒருமுறை கேட்டாள். மருந்துப் பேரு என்று சொல்லிவிட்டேன்.

சட்டம் இருந்ததே என்பார்கள். இருந்தது. 1955ஆம் வருசத் தீண்டாமைக் குற்றச் சட்டத்தின் 5ஆம் பிரிவே ஆஸ்பத்திரியிலும் மருந்தகத்திலும் சேர்க்க மறுப்பதைக் குற்றம் என்றது. 2016 ஜனவரி 26 முதல் நடப்பில் இருக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தமும் ஆஸ்பத்திரி, ஆரம்ப சுகாதார நிலையம் என்று பேர் சொல்லியே சேர்த்திருக்கிறது. எங்க அம்மாவை யாரும் உள்ளே விடமாட்டேன் என்று சொல்லவில்லையே. உள்ளே விட்டார்கள், மருந்து கொடுத்தார்கள், காசு வாங்கினார்கள். கழுத்திலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கவில்லை என்று எந்த ஸ்டேஷனில் புகார் எழுதுவது?

இதெல்லாம் பழைய கதை என்று சொல்லும் தோழர்கள் உண்டு. 2006இல் வெளிவந்த, கிராமப்புறத் தீண்டாமை பற்றிய பெரிய ஆய்வு 11 மாநிலங்களில் 565 கிராமங்களைப் பார்த்தது. மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் சுகாதார ஊழியர்கள் தலித் வீடுகளுக்குள் போக மறுத்தார்கள் என்று அது சொன்னது. சங்கமித்ரா ஆச்சார்யா 2010இல் எழுதிய ஆய்வு இன்னும் நேராக நம் விசயத்துக்கே வருகிறது. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் 200 தலித் பிள்ளைகளிடமே போய்க் கேட்டார். டாக்டர் தொட்டுப் பார்த்தாரா, மாத்திரையைக் கையில் கொடுத்தாரா, உன்னோடு எவ்வளவு நேரம் பேசினார் என்று. மருந்து கொடுக்கும்போது கை படாமல் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் சொன்னார்கள். கத்தியவார் ஆசிரியர் கடிதம் எழுதி எண்பது வருசம் கழித்து, அதே குஜராத்தில்.

ஒரு குற்றத்தை நம் பக்கமும் வைக்கிறேன், கோபிக்க வேண்டாம். புள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நம் தெருவில் முதலில் எழும் பேச்சு என்ன? "சீரு தட்டிடுச்சு." வீட்டுக்குத் தூரமான பெண் தொட்டுவிட்டாள், அதனால்தான் புள்ளைக்கு முடியவில்லை என்று அர்த்தம். ஊர்க்காரன் நம்மைத் தொடாததற்கு வைத்த பேரும் தீட்டு, நாம் நம் பொண்ணுங்களுக்கு வைத்த பேரும் தீட்டு. புள்ளை செத்தால் அம்மா வாய்க்கு ருசியாகத் தின்றதைச் சொல்வோம், தலைக்குக் குளித்ததைச் சொல்வோம். சாராயக்கடையில் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்த அப்பனைச் சொல்ல மாட்டோம். புதுச்சேரியில் சாராயத்துக்குப் பஞ்சமில்லை, ஆட்டோவுக்குத்தான் காசில்லை. எங்க அண்ணன் செத்த விசயத்திலும் மூணாம் தண்ணிக்கு முன்னால் வெளியே தூக்கிப் போனதால்தான் போனான் என்று பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டு லேட் என்றது, மாமியார் அவசரம் என்றாள். நடுவில் நின்றது எங்க அம்மா.

கூலியை விட்டுவிட்டு இந்த வரலாற்றை எழுத முடியாது. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரிப் பஞ்சாலைத் தொழிலாளிகள் 12 பேரைப் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அந்த ரத்தத்தில்தான் ஆலைக்காரர்களுக்கு எட்டு மணி நேர வேலை கிடைத்தது. நடவு நட்ட எங்கள் ஆயாக்களுக்கு எந்த மணியும் அடிக்கவில்லை. புறநோயாளிச் சீட்டு காலையில் மட்டும் கொடுப்பார்கள், நடவும் காலையில்தான். புள்ளையா கூலியா என்று தினம் கேட்கப்பட்ட ஒருத்தி, முதல் நாள் கசாயம் கொடுத்துப் பார்க்கிறாள், ரெண்டாம் நாள் மருந்துக்கடையில் "செட்டு மாத்திரை" வாங்குகிறாள், மூணாம் நாள் ஒரேயடியாக ஊசி கேட்கிறாள். ஒரே ஊசியில் காய்ச்சல் இறங்கினால் மறுநாள் வேலைக்குப் போகலாம். டாக்டர்களும் போட்டுத் தள்ளினார்கள். காய்ச்சலைச் சட்டென்று இறக்குகிறது என்று அள்ளிக் கொடுத்த நிமெசுலைடை 2011இல்தான் 12 வயசுக்குக் கீழே கூடாது என்று சர்க்கார் தடுத்தது. ஈரலைக் கெடுக்கும் என்ற பயத்தில். அதுவரை அந்தச் சிரப்பை எழுதிக் கொடுத்ததை யாரும் அறியாமை என்று சொல்லவில்லை. நம் ஆயாக்களின் நிலவேம்பைச் சொன்னார்கள். 2012இல் டெங்கு வந்ததும் தமிழ்நாட்டு சர்க்காரே அண்டா வைத்து நிலவேம்புக் குடிநீர் ஊற்றியது, அப்போது அது வைத்தியமாகிவிட்டது. நிலவேம்பு குடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் சொல்ல வரவில்லை. பால் குடிக்காத புள்ளை, குடித்ததையெல்லாம் கக்குகிற புள்ளை, வலிப்பு வந்த புள்ளை, கூப்பிட்டால் முழிக்காத புள்ளை, இந்த நான்கில் ஒன்று கண்டாலும் கசாயச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு ஓட வேண்டும். இதைக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஓடிப்போய்ச் சேர்ந்தாலும் பழி நம்மைத்தான் தேடி வரும். 2019 ஜூனில் பீகாரின் முசாபர்பூர் பக்கம் மூளைக்காய்ச்சல் என்று நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் செத்தார்கள், பலர் மகாதலித் வீட்டுப் பிள்ளைகள். ராத்திரிச் சாப்பாடு இல்லாமல் படுத்த பிள்ளைகள் லிச்சிப் பழம் தின்றால் சர்க்கரை இறங்கி வலிப்பு வரும் என்பதை 2014இல் நடந்த ஆய்விலேயே கண்டுபிடித்து 2017இல் வெளியிட்டிருந்தார்கள். உடனே கண்டுபிடித்துக் குளுக்கோஸ் ஏற்றினால் பலரைக் காப்பாற்றலாம். பத்திரிகைகள் லிச்சியைப் பற்றி எழுதின, தாய்மார் ஏன் ராத்திரிச் சாப்பாடு போடவில்லை என்று எழுதின. வைசாலி மாவட்டத்தில் ஹரிவன்ஷ்பூர் என்ற ஊர். பிள்ளைகள் செத்ததற்கும் தண்ணி இல்லாததற்கும் சனங்கள் ரோட்டை மறித்தார்கள். 39 பேர் மேல் வழக்குப் போட்டார்கள்.

நம் பக்கத்துத் தென்னார்க்காட்டிலும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் 1981இல் விருத்தாசலம் பக்கம் பிள்ளைகளை வாரிக்கொண்டுபோனது. நெல்வயல் தண்ணியில் வளரும் கொசு, பன்றியிலிருந்து பிள்ளைக்குக் கொண்டுவருகிற நோய். வயலோரத்தில் யார் வீடு இருக்கிறது, யாரைப் பன்றி வளர்க்க வைத்தார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அதற்குத் தடுப்பூசி 2006க்குப் பிறகுதான் நோய் மிகுந்த மாவட்டங்களுக்கு ஒவ்வொன்றாக வந்தது.

இப்போது எங்கள் தெருவில் நிலைமை மாறித்தான் இருக்கிறது. எல்லைப்பிள்ளைச்சாவடியில் பெண்கள் குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது, கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது, ஆட்டோ இருக்கிறது, கையில் போன் இருக்கிறது. போன ஐப்பசி மழையில் பக்கத்து வீட்டுப் பொண்ணு ராத்திரி ஒரு மணிக்குக் கதவைத் தட்டினாள். கட்டட வேலைக்குப் போகிறவள், புருசன் கேரளாவில். ஒன்றரை வயசுப் புள்ளை அனலாகக் கொதித்தது. அம்மா எழுந்து வந்து சட்டையைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் விலாவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "இழுக்குது, கெளம்பு" என்றாள். ஆட்டோவில் போய்ச் சேர்ந்தோம். வார்டில் இருந்த டாக்டர் சின்னப் பெண். தூக்கக் கலக்கம். தெர்மாமீட்டரை எடுப்பதற்கு முன்னால் புறங்கையைப் புள்ளை கழுத்தில் வைத்துப் பார்த்தார், பிறகு வயிற்றில் உள்ளங்கையை வைத்து மூச்சு எண்ணினார். எந்தத் தெரு என்று கேட்கவில்லை. எப்போ ஆரம்பிச்சுது என்று கேட்டார். "சாயங்காலம்" என்றாள் அவள். அதைச் சீட்டில் எழுதினார்.

அஞ்சு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். நான் விடியக்காலை தனியாக வீடு திரும்பினேன். அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். "தொட்டுப் பாத்தாங்களா?" என்றாள். பாத்தாங்க என்றேன். வேறொன்றும் கேட்காமல் எழுந்து கஞ்சி வைக்கப் போனாள். ஆறாம் நாள் அந்தப் பொண்ணு வேலைக்குப் போனபோது மேஸ்திரி வேறு ஆளை வைத்திருந்தார்.